ஆதரவுத் திட்டத்தில் உடல்நலமும் பாதுகாப்பும்: லயத்து வீட்டிலிருந்து எழுதத் தொடங்குவோம்

மாற்றுத்திறனாளி ஒருவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதி வைக்கும் ஆதரவுத் திட்டங்களில் ‘கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்’ என்றொரு வரியைக் காணலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பக்கத்துக் காம்பராவிலிருந்து (அறையிலிருந்து) ஓடிவருபவருக்கு அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. எதைப் பார்ப்பது, என்ன செய்வது, எப்போது யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அப்படி எழுத ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டை நோட்டு) போதும்.

படி 1: முதலில் மாற்றுத்திறனாளியிடமே கேளுங்கள்

பேச்சு வராதவரிடமும் கேட்கலாம். வலித்தால் என்ன செய்வார், பயந்தால் எப்படி இருப்பார், யார் தொட்டால் பிடிக்காது என்பதை வீட்டாரோடு சேர்ந்து கவனித்து எழுதுங்கள். ‘வலித்தால் இடது கையைக் கடிப்பார்’ என்ற ஒரு வரி வைத்தியருக்குப் பெரிய உதவி.

பாதுகாப்பு என்ற பெயரில் அவருக்குப் பிடித்ததைப் பறித்துவிடக் கூடாது. ‘பீலிக்கு (மலைநீர் விழும் குளிக்கும் இடத்துக்கு) போகக் கூடாது’ என்று எழுதுவது சுலபம். ‘பீலிக்குத் தம்பியோடு போவார், பாசி பிடித்த படிகளில் கையைப் பிடிக்க வேண்டும்’ என்று எழுதினால் அவர் குளிக்கவும் போவார், விழவும் மாட்டார்.

படி 2: கிளினிக் கொப்பியை விரித்து வையுங்கள்

‘காலையில் வெள்ளைக் குளிசை’ என்று எழுதாதீர்கள். மருந்தின் பெயரைக் கொப்பியில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, யார் கொடுப்பார் என்பதும் வேண்டும். ஒவ்வாமை இருந்தால் முதல் பக்கத்தில் சிவப்பு மையால். ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று கிளினிக்கிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கூடும். ஒரு நாள் பேர் (நாள் சம்பளம்) போகுமே என்று கிளினிக்கைத் தள்ளிப்போடும் கஷ்டம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் குளிசை முடியும் திகதியையும், அன்றைக்கு யார் போவார் என்பதையும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.

படி 3: ஆபத்துகளைச் செயலாக எழுதுங்கள்

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான். அடுப்படி, இஸ்தோப்பு (முன் திண்ணை), மலசலகூடத்துக்குப் போகும் வழி என்று ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். இருட்டிய பிறகும் ஒருமுறை பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஆபத்துக்கும் தனிப் பக்கம். வலிப்புக்கு இப்படி எழுதலாம்:

‘வலிப்பு வந்தவுடன் மணியைப் பார். அடுப்பு, கத்தி அருகில் இருந்தால் அகற்று. முடியாவிட்டால் அவரை நகர்த்து. தலைக்குக் கீழே மடித்த துணி வை. கைகால்களை அழுத்திப் பிடிக்காதே. வாயில் கரண்டி, தண்ணீர், குளிசை எதுவும் வைக்காதே. இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வை. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 1990 அம்புலன்ஸுக்கு எடு.’

கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்காது என்பதையும் சேருங்கள். பதற்றத்தில் யாராவது சாவியைத் தேடி ஓடுவார்கள்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குக் காய்ந்த ரொட்டி ஆபத்தாகலாம். எந்த உணவு, எவ்வளவு மென்மையாக, எவ்வளவு சிறிதாக என்று பேச்சு சிகிச்சையாளரிடம் கேட்டு எழுதுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க விடக் கூடாது. அடிக்கடி புரையேறுவதோ நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் வருவதோ இருந்தால், திகதியோடு குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

படுக்கையிலேயே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். அழுத்தியும் மறையாத சிவப்பு தோலில் தெரிந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது. மலைக் குளிருக்குச் சுடுநீர்ப் போத்தல் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. உணர்ச்சியற்ற கால் அதில் வெந்து போனாலும் அவருக்குத் தெரியாது. அதற்குப் பதிலாகக் கம்பளி, காலுறை என்று எழுதுங்கள்.

படி 4: வாகனம் எதுவரை வரும்?

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் லயத்து வாசல்வரை எல்லா இடத்திலும் வாகனம் வராது. தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்து நம்பர், எந்தச் சந்தியில் நிற்க வேண்டும், அதுவரை யார் யார் தூக்குவார்கள், நாற்காலியிலா கம்பளியிலா என்பது எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் எந்த மூலையில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். வருபவர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம். முதல் பக்கம் இரண்டு மொழியிலும் வேண்டும்.

படி 5: மண்சரிவு

2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது காலை வேளையில். உங்கள் திட்டத்திலும் காலை, பகல், இரவு என்று ஒவ்வொரு வேளைக்கும் தூக்கிச் செல்பவரின் பெயர் தேவை. இரவில் வீட்டில் இருப்பவர் பகலில் இருக்கமாட்டார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக எச்சரிக்கிறது. வெளியேறச் சொல்வது சிவப்பில்தான். நடக்க முடியாதவரைச் செம்மஞ்சளிலேயே கொண்டுபோய்விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுவரில் புது வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று நீர் கலங்கி வருதல் தெரிந்தால் எச்சரிக்கைக்கே காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. ஒரு வாரத்துக்கான மருந்தும் கிளினிக் கொப்பியும் பொலித்தீன் பையில் கதவருகே இருக்கட்டும்.

படி 6: பிரதிகள்

ஒன்று வீட்டில், ஒன்று பிள்ளைக்காம்பராவிலோ (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) பாடசாலையிலோ, ஒன்று அவசரத்துக்கு வரும் அயலவரிடம். யாரிடம் கொடுப்பது என்பதை மாற்றுத்திறனாளியிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்; நோய் விவரம் லயம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி கேட்கப் போகும்போதும் இதை எடுத்துச் செல்லலாம். மருந்து மாறினால், வைத்தியசாலையிலிருந்து திரும்பினால், வீடு மாறினால் அன்றைக்கே திருத்தி, புதிய திகதியை மேலே எழுதி, பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.