தைப் பனியில் ஏற்காடு, அடுத்த வாரம் கடற்கரை: சேலத்திலிருந்து வேனில் தங்கிப் போவது எப்படி

காணும் பொங்கல் முடிந்து நான்கைந்து நாள் விட்டுக் கிளம்புங்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை டெல்டாவையும் ராமநாதபுரம் கரையையும் விட்டிருக்காது. ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் போதும், நான்கு நாள் வண்டிக்குள்ளேயே உட்கார வேண்டியதுதான். ஜனவரி பிற்பாதியில் மழை ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும், வலசை வந்த பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது. பிப்ரவரி பாதியைத் தாண்டினால் தெற்கே தகர வண்டிக்குள் தூங்குவது கஷ்டம்.

வழி இப்படி: ஏற்காடு, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், அங்கிருந்து ராமநாதபுரம், தனுஷ்கோடி, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, முத்துப்பேட்டை வழியாகக் கோடியக்கரை, திரும்பும்போது தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல். டெல்டாவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் மழை. தாமதமாகப் போகப் போக அங்கே சேறு குறையும்.

முதல் இரவை ஏற்காட்டில் வைப்பதற்கும் காரணம் உண்டு. பிரேக், குளிர், ஈரம் மூன்றையும் ஒரே இரவில் சோதித்துவிடலாம். ஏதாவது சரியில்லை என்றால் 30 கிலோமீட்டர் இறங்கினால் நம் ஊர் மெக்கானிக். அதே கோளாறு தனுஷ்கோடியில் தெரிந்தால் என்ன செய்வது?

வண்டியும் படுக்கையும்

இரண்டு பேருக்கு மாருதி ஈகோ மாதிரி வேன் போதும், நான்கு பேருக்கு டிராவலர். வாங்கும் முன் டேப்பை எடுத்து, முன் இருக்கையின் முதுகிலிருந்து பின்கதவு வரை அளந்து பாருங்கள். ஐந்தே முக்கால் அடி ஆளுக்கு ஆறு அடியாவது வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றினால் ஆர்டிஓ அனுமதி வாங்க வேண்டும். இருக்கையை நிரந்தரமாகக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது எல்லாம் இதில் வரும். அனுமதி இல்லாமல் செய்தால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். அதனால் படுக்கையைக் கழற்றி மாட்டும் குழாய்ச் சட்டகமாகச் செய்யுங்கள். ஓர் அங்குல சதுரக் குழாய், 16 கேஜ் தடிமன். மேலே 12 மில்லிமீட்டர் பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) பிளைவுட். உயரம் 14 அங்குலம். இன்னும் உயர்த்தினால் அடியில் பெட்டி வைக்க இடம் கிடைக்கும், ஆனால் நிமிர்ந்து உட்கார முடியாது. லாரி பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல் பக்கம் நிறைய. இந்தச் சட்டகம் அவர்களுக்கு அரை நாள் வேலை. சட்டகத்தை ஏற்கெனவே இருக்கும் சீட் போல்ட் துளைகளிலேயே பிடிக்கச் சொல்லுங்கள். தரைத் தகட்டில் புதிதாகத் துளை போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் வண்டிக்கடியில் படுத்துப் பாருங்கள்: பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாய்களும் அங்கேதான் ஓடுகின்றன.

பிளைவுட்டில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ஓர் அங்குல ஓட்டை போட வேண்டும். இதைச் செய்யாதவர்கள் ஒரு வாரத்தில் மெத்தையின் அடியில் கருப்புப் பூஞ்சையைப் பார்ப்பார்கள். நான்கு அங்குல ஃபோம், அதன்மேல் ஒரு பவானி ஜமக்காளம். மணல் ஒட்டாது, உதறினால் போய்விடும்.

பனி உள்ளேயும் பெய்யும்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். வண்டியில் அது உள்ளிருந்தே வரும். ஏற்காடு இருக்கும் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஜனவரி இரவு 12, 13 டிகிரிக்கு இறங்குகிறது. குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுப் படுத்தால், இரண்டு பேர் மூச்சில் வரும் ஈரம் கூரைத் தகட்டில் படிந்து, விடியற்காலை நான்கு மணிக்கு முகத்தில் சொட்டும். வெளிநாட்டு வேன்களைப் பார்த்துத் தடித்த பஞ்சை அடைத்து மூடுவதால் இது தீராது. பஞ்சுக்குப் பின்னால் ஈரம் தங்கித் தகடு துருப்பிடிக்கும். கூரையிலும் பக்கவாட்டிலும் சூட்டையும் குளிரையும் தடுக்கும் 10 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஃபோம் ஷீட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். எதிரெதிர்க் கண்ணாடிகள் இரண்டை இரண்டு விரல் அகலம் இறக்கி வையுங்கள். குளிருக்குக் கம்பளி, காதுக்கு மஃப்ளர். இதே அமைப்பு கீழே வெயிலுக்கும் வேலை செய்யும் என்பதுதான் முக்கியம்.

கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ குளிருக்காக உள்ளே எரியவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மலையூர் அறைகளில் இப்படித் தூங்கி எழுந்திருக்காதவர்கள் உண்டு. சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, ஓட்டும்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடிப்பக்கத்தில் வெளியே திறக்கும் ஒரு துளை இல்லாவிட்டால் அந்தப் பெட்டியால் பயனில்லை.

கரண்ட்

12.8 வோல்ட், 100 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 1,280 வாட்-அவர் தரும். கரண்ட் குறைவாகத் தின்னும் 25 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒன்பது மணி நேரம் ஓடினால் 225, விளக்கு 30, போன், கேமரா 80. ஆக ஒரு நாளைக்கு 335. கூரையில் 200 வாட் சோலார் பேனல் இருந்தால், நஷ்டம் போக நல்ல வெயில் நாளில் 600 வரை வந்துவிடும். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வைத்தால் கடலோரச் சூட்டில் அது மட்டும் 400க்கு மேல் தின்னும், மேகமான இரண்டாம் நாளே பேட்டரி படுத்துவிடும். ஃபிரிட்ஜ் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. மீன் இறங்கும் ஊர்களில் ஐஸ் கிடைக்கும். ஒரு ஐஸ் பெட்டி போதும்.

ஓடும்போது சார்ஜ் செய்ய, கரண்டை அளவோடு விடும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். லித்தியம் பேட்டரியை நேராக ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) கொடுத்தால், அது இழுக்கும் கரண்டில் ஆல்டர்னேட்டர் சூடேறி எரிந்துபோகலாம். ஒயரில் கஞ்சத்தனம் கூடாது. 4 மீட்டர் தூரத்துக்கு 20 ஆம்பியர் போக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் போக வர முக்கால் வோல்ட் காணாமல் போகும்; 10 சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்டை ஒட்டித்தான் இழப்பு. 30 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மறுமுனையில் வைத்த ஃபியூஸ் நடுவில் உரசித் தேய்ந்த ஒயரைக் காப்பாற்றாது.

கொண்டை ஊசிகள்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதில் பிரச்சினை குறைவு. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலையில் நியதி. இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பத்தாவது வளைவுக்குள் லைனிங் கருகும் வாடை வரும். அப்போது அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடலாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.

டயர் காற்றைச் சேலத்தில் காலையில், வண்டி ஓடாத நிலையில், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். 10 டிகிரிக்கு ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ ஏறி இறங்கும். மதுரை தாண்டி மதியம் அளந்து, கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்குவது தப்பு. மறுநாள் காலை குறைந்து நிற்கும்.

ஏற்காட்டில் நிறுத்தும் இடத்தைப் பகலிலேயே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். தங்கும் விடுதியின் வளாகம் நல்லது. எஸ்டேட்டில் வழவழவென்று சமதளமான சிமெண்ட் தரை கண்ணில் படும், அது களம், அங்கே நிறுத்தாதீர்கள். ஜனவரி காப்பி அறுவடைக் காலம், காலையில் அங்கே பழம் காயப்போடுவார்கள். மாலையில் எஸ்டேட் சாலைகளில் காட்டெருமை வரும். ஹார்ன் வேண்டாம், ஹை பீம் வேண்டாம். 50 மீட்டருக்கு முன்பே நின்று, அது கடந்த பிறகும் ஒரு நிமிடம் பொறுங்கள். பின்னால் கன்று வரலாம்.

பறவைகளுக்கு முன்னால்

கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு வெகு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் வீட்டு மரங்களில் கூடு கட்ட இடம் கொடுத்து, வெடி வெடிக்காமல் காத்துவருகிறார்கள். மஞ்சள் மூக்கு நாரை தலைக்கு மேலேயே கூடு கட்டியிருக்கும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைக் குளக்கரையில் தேடுங்கள்.

வண்டியே நல்ல மறைவிடம். பறவை வண்டிக்கு அவ்வளவு மிரளாது, கதவைத் திறந்து இறங்கும் ஆளுக்குத்தான் மிரளும். காலை ஆறு மணிக்கே, சூரியன் உதித்ததும் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் பாதிக்கு ஒரு பழைய துணியைக் கட்டுங்கள். 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் லென்ஸ்) பைனாகுலர் போதும். பின்னால் ஒருவர் புரண்டு படுத்தாலும் வண்டி ஆடும், படம் கலங்கும். லென்ஸுக்கு அடியில் வைக்கத் துணிப்பையில் இரண்டு கிலோ ஜவ்வரிசி கட்டிக்கொள்ளுங்கள். சேலத்துக்காரருக்கு அது கிடைக்காத பொருளா? பாலித்தீன் உறையில் போட்டுவைத்தால் ஈரம் படாது, ஊர் திரும்பும்போது பாயசமும் ஆகும். பறவைக் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அழைப்பது வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது, இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். தார்ச் சாலையை விட்டு மணலில் இறங்காதீர்கள். கோடியக்கரையில் பூநாரைகள் நிற்கும் சதுப்பும் பார்வைக்குக் காய்ந்த தரை மாதிரிதான் இருக்கும். மேலே உப்புத் தோல், கீழே களி. வெளிமான்களைக் காலையில் பார்க்கலாம். சரணாலயத்துக்குள் இரவு நிறுத்தக் கூடாது, வேதாரண்யத்துக்கு வந்துவிடுங்கள். ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1930இல் உப்புக்காகத் திருச்சியிலிருந்து நடந்துவந்த ஊர் அது. கொசுவலையைக் காந்தப் பட்டையோடு கதவுக்குத் தைத்துக்கொள்ளாதவர்கள் டெல்டாவில் தூங்க மாட்டார்கள்.

ராத்திரி நிறுத்த, ஆள் பழக

மாலை நாலரைக்குள் ஊர் சேருங்கள். இருட்டிய பிறகு வரும் வண்டியை எந்த ஊரும் சந்தேகமாகத்தான் பார்க்கும். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, “அண்ணே, சேலத்துலருந்து வர்றோம், பறவை பாக்க. ராத்திரி வண்டியோட எங்க நிறுத்திக்கலாம்?” என்று கேளுங்கள். நிறுத்திக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வது சுலபம். எங்கே என்று கேட்டால் யோசித்து இடம் சொல்வார்கள். அங்கன்வாடி வாசல், கோயில் மைதானம், யாராவது ஒருவர் வீட்டுத் தென்னந்தோப்பு என்று எதுவும் வரும். பணம் நீட்டினால் பலர் சங்கடப்படுவார்கள். நூறு நூறு கிராமாக ஏற்காட்டு மிளகும் காப்பித்தூளும் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள், யாரும் மறுப்பதில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்க் பாதுகாப்பானது. நம் பக்கத்து நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே சங்ககிரி, நாமக்கல் டிரைவர்கள் வந்து பேசுவார்கள். எந்த இடத்தில் சாலை வேலை நடக்கிறது என்பதை மேப்பைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும் குளிர்பதன லாரிக்குப் பின்னால் மட்டும் நிறுத்தாதீர்கள், புகை முழுவதும் உங்கள் கண்ணாடி வழியாக உள்ளே வரும்.

கடலோரத்தை விட்டுக் கிளம்பும் அன்றே வாட்டர் சர்வீஸில் அடித்தட்டை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்று தள்ளிப்போட்டால் உப்பு அதற்குள் வேலையைத் தொடங்கியிருக்கும். சேலம் வந்ததும் தண்ணீர் கேன்களைக் கவிழ்த்துக் காயவையுங்கள், மெத்தையை ஒரு நாள் முழுக்க மாடி வெயிலில் போடுங்கள், லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு இணைப்பைக் கழற்றுங்கள்.