முதலில் மதில், பிறகு கோட்டை: வட வேல்ஸின் இடைக்கால ஊர்களைப் பார்க்கும் முறை

இடைக்காலக் கோட்டை ஒன்றையும் அதனோடு சேர்ந்து பிறந்த ஊரையும் ஒருங்கே பார்த்துப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கு, பிரிட்டனில் வட வேல்ஸைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட், வேல்ஸ் இளவரசன் லுவெலினின் க்வினெத் நாட்டை 1282–83 போரில் கைப்பற்றியதும் கான்வி, கைர்நார்வன், ஹார்லெக் ஆகிய மூன்று கோட்டைகளையும், 1295இல் பியூமாரிஸ் கோட்டையையும் கட்டத் தொடங்கினான். இந்த நான்கு கோட்டைகளும் கான்வி, கைர்நார்வன் ஊர்களின் மதில்களும் 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ளன. எல்லாவற்றையும் அவசரமின்றிப் பார்க்க நான்கு நாள் வேண்டும். இரண்டே நாள்தான் என்றால் கான்விக்கு ஒன்று, கைர்நார்வனுக்கு ஒன்று என ஒதுக்குங்கள். ஒரே நாளில் நான்கையும் ஓடி ஓடிப் பார்ப்பதில் பயனில்லை.

கான்வியில் இருந்து தொடங்குவதே நல்லது. செஸ்டர் நகரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் லாந்துட்னோ ஜங்ஷன் வந்துவிடும். மதிலுக்கு உள்ளேயே கான்வி ரயில் நிலையம் இருந்தாலும், முந்தைய நிலையமான இதில் இறங்கி ஆற்றின் குறுக்கே நடந்து போவதையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில் எட்டுப் பெரிய கோபுரங்களோடு ஆற்றுமுகத்துப் பாறைமேல் நிற்கும் கோட்டையின் முழு உருவமும் அந்தக் கரையிலிருந்துதான் கண்ணுக்குள் அடங்கும். கோட்டை ஏன் நீரோரத்தில் நிற்கிறது என்பதும் அங்கேயே விளங்கிவிடும். 1294–95 குளிர்காலத்தில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது எட்வர்டே இதற்குள் முற்றுகையில் சிக்கினான். நிலவழி அடைபட்டாலும் கப்பலில் உணவு வந்து சேரும் என்பதே இத்தகைய இடத்தேர்வின் அடிப்படை.

ஊருக்குள் வந்ததும் கோட்டையின் நுழைவுச்சீட்டு வாங்க விரையாமல், முதலில் ஊர் மதிலின் மேல் ஏறுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. சுமார் 1.3 கிலோமீட்டர் நீளமும் 21 கோபுரங்களும் மூன்று பழைய வாயில்களும் கொண்ட இந்த மதில் ஏறத்தாழ முழுமையாக நிற்கிறது. அதன் பெரும்பகுதியில் நடக்கவும் முடியும். மதிலின் மிக உயர்ந்த மூலையில் நின்று திரும்பிப் பார்த்தால், வலப்புறமும் இடப்புறமும் இறங்கிச் செல்லும் மதில், அதற்குள் நெருங்கிய ஓட்டுக்கூரைகள், தூரத்து முனையில் கோட்டை, அதற்கு அப்பால் கழிமுகம் ஆகியவை ஒரு வரைபடம் போல விரியும். கோட்டையைத் தனிக் கட்டடமாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் இழப்பது இந்தக் காட்சியைத்தான். இங்கே அரசன் கட்டியது ஒரு கோட்டையை மட்டுமல்ல, இங்கிலாந்திலிருந்து குடியேற்றிய வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்வதற்கான ஓர் ஊரையும்தான். 1284இல் அதற்குச் சாசனம் கிடைத்தது. அந்நாட்டு மண்ணின் மக்களான வேல்ஸ்காரர்களுக்கு அதில் குடியுரிமை இல்லை.

மதிலின் தெற்குப் பகுதியில் மில் வாயிலுக்கு அருகே வெளிப்புறம் வந்து அண்ணாந்து பாருங்கள். சுவரின் உச்சியில் கற்பெட்டிகள் போலப் பன்னிரண்டு கழிப்பறைகள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அரண்மனை விருந்துகளைப் பற்றி எத்தனை படித்தாலும், எழுத்தர்களும் வேலையாட்களும் நிரம்பிய ஓர் ஊரில் நாள்தோறும் தேவைப்பட்டவை எவை என்பதை இந்தப் பன்னிரண்டும் அருகில் நின்று சொல்வதுபோல வேறெதுவும் சொல்வதில்லை.

அடுத்து ஊர் நடுவிலுள்ள புனித மரியாள் தேவாலயம். ஊர் பிறப்பதற்கு முன் இங்கே துறவியர் மடம் இருந்தது. எட்வர்ட் அந்த மடத்தை ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் சற்றுத் தொலைவிலுள்ள மைனனுக்குப் பெயர்த்துவிட்டு இடத்தை எடுத்துக்கொண்டான். மடத்துத் தேவாலயம் ஊர்த் தேவாலயமாயிற்று. இங்கிருந்து கோட்டை வாசலுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று நடந்து பாருங்கள். 1401ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று காவற்படையினர் வழிபாட்டுக்குச் சென்றிருந்த நேரத்தில், ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த வேல்ஸ் தலைவன் ஓவைன் க்ளின்டூரின் உறவினர்களான ரீஸ், க்விலிம் சகோதரர்களின் கூட்டம் கோட்டைக்குள் புகுந்து அதைப் பிடித்துக்கொண்டது. வேலைக்கு வந்த தச்சர் போல நடித்து உள்ளே நுழைந்தார்கள் என்பது அக்காலப் பதிவு. அந்தச் சிறு தூரத்தைக் கால்களால் அளந்த பிறகு படித்தால் கதையின் துணிச்சல் இன்னும் நன்றாகப் புரியும்.

கோட்டைக்குள் போனதும் மேலே ஏறுவதற்கு முன் சுவர்களைக் கவனியுங்கள். கோபுரங்களுக்குள் மரத்தளங்கள் அழிந்துவிட்டதால், ஒவ்வொரு மாடியின் கணப்பு அடுப்பும் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரியும். அவற்றை எண்ணினால் எத்தனை தளங்கள் இருந்தன என்பது விளங்கும். வெளிச்சுவரில் சிறு சதுரத் துளைகள் வரிசையாக இருப்பது, கட்டும்போது சாரமரங்களைச் செருகிய இடங்கள். சில இடங்களில் பழைய சுண்ணாம்புப் பூச்சின் மிச்சமும் இருக்கிறது. ஒருகாலத்தில் கோட்டை முழுவதும் வெள்ளையாக நின்றது. மதிலின் தலையில் பல்வரிசையாக எழுந்த மறைப்புகளுக்குப் பழந்தமிழில் ஞாயில் என்று அருமையான சொல் உண்டு. அவற்றின் பின்னால் நின்று பார்த்தால் அச்சொல் எவ்வளவு பொருத்தமானது என்று தெரியும். சுழற்படிகள் குறுகலானவை, மழையில் வழுக்குபவை. பிடிப்புள்ள காலணி கட்டாயம் வேண்டும்.

கைர்நார்வனுக்கு ரயில் நிலையமான பாங்கரிலிருந்து பேருந்தில் செல்ல வேண்டும். வட்டக் கோபுரங்களுக்குப் பதிலாகப் பலகோணக் கோபுரங்களும், நிறம் மாறும் கற்பட்டைகள் ஓடும் சுவர்களும் கொண்ட இக்கோட்டை ஆட்சிக்குரிய தலைமையிடமாகத் திட்டமிடப்பட்டது. கான்ஸ்டான்டிநோபிள் மதில்களை நினைவூட்டவே இந்தப் பட்டைகள் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. 1284இல் பின்னாளைய இரண்டாம் எட்வர்ட் பிறந்தது இவ்வூரில்தான். அரச வாயிலின் நடைவழியில் நின்று, தூக்குக்கதவுகள் இறங்கிய கற்பள்ளங்களை விரலால் தடவிப் பாருங்கள். பிறகு உட்புறம் சென்று, கட்டாமலே விட்ட சுவர்களுக்காக நீட்டி வைத்த இணைப்புக் கற்களைத் தேடுங்கள். சுமார் ஐம்பது ஆண்டு வேலை நடந்தும் பணி முடியவில்லை. வெளியே வந்து தெருக்களில் நடந்தால் காதில் விழுவது பெரும்பாலும் வேல்ஸ் மொழியே.

மூன்றாம் நாள் வாய்த்தால் ஆங்கிள்சி தீவின் பியூமாரிஸ். ஒன்றுக்குள் ஒன்றாக மதில் வளையங்களும் நீர் நிரம்பிய அகழியும் கொண்ட, அளவுப் பிசகில்லாத இக்கோட்டை, பணம் தீர்ந்ததால் கோபுரங்கள் உரிய உயரத்தை எட்டாமலே நின்றுவிட்டது. இதற்காக அருகிலிருந்த லான்வைஸ் ஊரின் வேல்ஸ் மக்கள் தீவின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஹார்லெக்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான பாறையின் உச்சியில் நிற்கும் கோட்டையிலிருந்து அடிவாரத்து நீர்வாயில் வரை படிகள் இறங்குகின்றன. அன்று அதன் அருகே கப்பல் வந்தது. இன்று கடல் பின்வாங்கி, இடையில் மணல்மேடும் புல்வெளியும் கிடக்கின்றன. ரயில் நிலையமும் பாறையின் அடியிலேயே இருக்கிறது. ஆனால் அந்தத் தடத்தில் வண்டிகள் அடிக்கடி வருவதில்லை. மேலே ஏறும் முன் திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.