பட்டத்தின் பெயரை விடுங்கள், தாள்களைப் பாருங்கள்

பி.சி.ஏ.வா, பி.எஸ்சி. கணினி அறிவியலா, தகவல் தொழில்நுட்பமா என்று குழப்பமா? தேவகோட்டை, காரைக்குடிப் பகுதிக் கல்லூரிகள் இணைந்துள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலிருந்து மூன்றின் பாடத்திட்டத்தையும் அச்செடுத்து, பொதுவான தாள்களைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் உண்மையான வேறுபாடு.

ஜாவா, தரவுத்தளம், இயக்க முறைமை எல்லாம் பெரும்பாலும் மூன்றிலுமே வந்துவிடும். மிஞ்சியது கணிதமா, கணக்குப்பதிவியலா என்று பார்த்து, பிள்ளைக்குக் கைவருவதைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு மூன்று தாள்தான் மிஞ்சுகிறது என்றால், அதற்காகத் தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு மூன்று ஆண்டுகள் பஸ் ஏற வேண்டாம். பக்கத்துக் கல்லூரியே நல்லது, பஸ் பயணத்தில் மிச்சமாகும் நேரத்தில் நிரல் எழுதிப் பழகலாம்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தை அங்கேயே கேட்டு வாங்குங்கள், அது தனி. 4 ஆண்டு பி.இ.க்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.