ஆசிரியர் சங்கங்களும் வருமான வரி விலக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் சங்கங்களின் பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வேலை போக எஞ்சிய நேரத்தில் ஊதியமின்றி உழைப்பவர்கள். சந்தா திரட்டுவது, கருத்தரங்கு நடத்துவது, பயிற்சி கொடுப்பது, இதழ் வெளியிடுவது என்று ஓடிக்கொண்டிருக்கும் அவர்களுக்கு வருமான வரித் துறையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தால் அது பேரிடியாகவே இறங்கும். அப்படி வரும் சிக்கல்களில் பல, நேர்மைக் குறைவால் வருபவை அல்ல. தொடக்கத்தில் எடுக்க வேண்டிய ஒரு முடிவை எடுக்காமல் விட்டதால் வருபவை. இந்தியாவில் செயல்படும் ஆசிரியர் சங்கம் எந்த அடிப்படையில் வரி விலக்குக் கோருகிறது என்பதே அந்த முடிவு.

முதலில், மிகப் பரவலான தவறான எண்ணம் ஒன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்து, பதிவாளரிடம் ஆண்டுதோறும் உரிய ஆவணங்களைத் தாக்கல் செய்துவந்தால் வரி விலக்குத் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பதிவு சங்கத்துக்குச் சட்ட வடிவம் தருகிறது. வரி விலக்குத் தருவதில்லை. பதிவாளரிடம் தாக்கல் செய்வது வருமான வரி அறிக்கையும் ஆகாது. 'இலாப நோக்கற்றது' என்று விதிகளில் எழுதிவைத்திருப்பதாலும் விலக்கு வந்துவிடாது. அறநோக்க அமைப்பாக விலக்குப் பெற வேண்டுமானால், பான் எண் பெற்று, வருமான வரிச் சட்டத்தின்படி விலக்குகளுக்கான ஆணையரிடம் தனியாகப் பதிவு பெற வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 12ஏபி பிரிவுகள் என்று நாம் பேசிப் பழகிய பதிவு இதுதான்.

பிரிவு எண்களைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வருமான வரிச் சட்டம், 2025 என்னும் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடிக்கிறது. அதில் இத்தகைய அமைப்புகளுக்கான விதிகள் ஒரே பகுதியில் தொகுக்கப்பட்டு, 'பதிவுபெற்ற இலாப நோக்கற்ற அமைப்பு' என்ற பெயரில் வருகின்றன. அடிப்படைக் கொள்கைகள் பெரும்பாலும் தொடர்ந்தாலும் பிரிவு எண்கள் மாறிவிட்டன. எனவே, பழைய விண்ணப்பத்தின் நகலை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் பிரிவு, படிவ எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதன் விதிகளுக்கும் உரியவை.

எந்த வாசல் வழியாக நுழைகிறோம்?

ஆசிரியர் சங்கத்துக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அறநோக்க அமைப்பாகப் பதிவு பெறுவது. மற்றொன்று பரஸ்பரக் கோட்பாடு: உறுப்பினர்கள் தங்களுக்குள் பணம் திரட்டித் தங்களுக்காகவே செலவிட்டுக்கொள்ளும்போது, அந்தப் பணம் வருமானமே ஆகாது என்ற வாதம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செல்பவை. முதலாவதில் பயன் பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பகுதியினருக்கோ போய்ச் சேர வேண்டும். இரண்டாவதில் பணம் தருவோரும் பயன் பெறுவோரும் ஒரே வகுப்பினராக இருக்க வேண்டும். விதிகளில் முதலாவதை எழுதிக் கணக்கில் இரண்டாவதை நடத்துவதும், அதிகாரி கேட்கும்போது வசதிக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும்தான் பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியர்கள் சம்பந்தப்பட்டது எல்லாம் 'கல்வி' என்ற தலைப்பில் அடங்கிவிடும் என்று எண்ணுவதும் சரியல்ல. அறநோக்கம் என்பதன் வரையறையில் கல்வி இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் லோக சிக்ஷண அறக்கட்டளை வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம், அங்கே கல்வி என்பது மாணவர்களுக்கு முறையாகக் கற்பித்துப் பயிற்றுவிப்பதையே குறிக்கும் என்று விளக்கியது. 2022 அக்டோபர் 19 அன்று நியூ நோபிள் கல்விச் சங்க வழக்கில் வந்த தீர்ப்பும் கல்வி நிறுவனங்களுக்கான விலக்கை அதே கண்டிப்புடன் அணுகியது. ஆண்டுக்கு இரண்டு பயிலரங்கும் ஒரு மாநாடும் நடத்தும் தொழில்முறைச் சங்கம் தன்னைக் கல்வி நிறுவனம் என்று காட்டிக்கொள்வது கடினம். 'பொதுப் பயன்பாட்டுக்குரிய பிற நோக்கம்' என்னும் தலைப்பே அதற்கு இயல்பாகப் பொருந்தும்.

அந்தத் தலைப்பு தொழில்முறைச் சங்கங்களுக்கு மூடப்பட்ட கதவல்ல. ஆந்திர வணிகர் சபை வழக்கில் 1965-இலேயே, முதன்மை நோக்கம் பொதுப்பயனாக இருந்து, உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் நன்மை அதன் பக்கவிளைவாக மட்டும் இருந்தால் விலக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகவே நோக்கங்களை எழுதும்போது, 'உறுப்பினர்களின் ஊதிய, பதவி உயர்வு உரிமைகளைக் காப்பது' என்று தொடங்கி, கடைசி வரியில் 'கல்வித் தரத்தை மேம்படுத்துவது' என்று ஒட்டவைத்தால், படிப்பவர் எதை முதன்மை என்று கொள்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பயிற்சிகளை உறுப்பினர் அல்லாத ஆசிரியர்களுக்கும் திறந்துவைப்பது, பாடப்பொருள்களைப் பொதுவில் வெளியிடுவது போன்றவை செயலிலும் இருக்க வேண்டும்; அவற்றுக்கான வருகைப் பதிவேடு, அறிவிப்பு, ஒளிப்படம் ஆகியவை கோப்பிலும் இருக்க வேண்டும்.

விதிகளில் அதிகாரிகள் முதலில் புரட்டிப் பார்க்கும் பக்கம் கலைப்பு விதி. 'சங்கம் கலைக்கப்படும்போது எஞ்சும் சொத்து அப்போதைய உறுப்பினர்களிடையே சமமாகப் பகிர்ந்தளிக்கப்படும்' என்ற ஒரு வரி இருந்தால், முன்னால் எழுதியிருக்கும் அறநோக்கங்கள் அத்தனையும் ஐயத்துக்கு உள்ளாகும். இதே நோக்கமுள்ள, பதிவு பெற்ற மற்றோர் அறநோக்க அமைப்புக்கே எஞ்சிய சொத்து செல்லும் என்றும், சங்கத்தின் வருமானத்தில் எந்தப் பகுதியும் பொறுப்பாளர்களுக்கோ உறுப்பினர்களுக்கோ இலாபமாகப் போகாது என்றும் தெளிவாக எழுத வேண்டும். பதிவு பெற்ற பிறகு நோக்கங்களைத் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவது வேறொரு தவறு. பதிவின் நிபந்தனைகளுக்குப் பொருந்தாத திருத்தம் எதுவானாலும் 30 நாள்களுக்குள் மறுபதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பரஸ்பரக் கோட்பாட்டை நம்பும் சங்கங்கள் செய்யும் தவறு வைப்புத்தொகை வட்டியில் இருக்கிறது. சந்தாவுக்கு வரி இல்லை, அந்தச் சந்தாவைத்தானே வங்கியில் போட்டோம், அதன் வட்டிக்கு மட்டும் எப்படி வரி என்று கேட்கிறார்கள். 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது: வங்கி அந்தப் பணத்தை வெளியாருக்குக் கடன் கொடுத்து ஈட்டுகிறது, அந்த இடத்திலேயே பரஸ்பரத் தொடர்பு அறுந்துபோகிறது. 2023-இல் செகந்திராபாத் கிளப் வழக்கிலும் அந்த நிலைப்பாடே உறுதியானது. அதேபோல், தொழில்முறைச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கே குறிப்பிட்ட சேவை செய்து பெறும் கட்டணத்தையும் சட்டம் வெளிப்படையாகத் தொழில் வருமானம் என்கிறது.

வேறு இரண்டு பிரிவுகளையும் சிலர் துணைக்கு அழைப்பதுண்டு. 10(23ஏ) பிரிவு சட்டம், மருத்துவம், கணக்கியல், பொறியியல், கட்டடக்கலை ஆகிய தொழில்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; ஆசிரியத் தொழில் அந்தப் பட்டியலில் இல்லை, அரசு தனியே அறிவித்தால் மட்டுமே சேரும். 10(24) பிரிவு பதிவு பெற்ற தொழிற்சங்கங்களுக்கு உரியது. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பு, பெயரில் 'சங்கம்' இருப்பதால் மட்டும் அதற்குள் வந்துவிடாது.

வினா வங்கியும் குடும்ப நல நிதியும்

வினா வங்கி, வழிகாட்டி நூல், மாதிரித் தேர்வுத்தாள் ஆகியவற்றை அச்சிட்டு விற்பது ஆசிரியர் சங்கங்களுக்குப் பழக்கமான வேலை. பொதுப் பயன்பாட்டு நோக்கத்தின் கீழ் பதிவான அமைப்பு, கட்டணம் பெற்று வணிகத் தன்மையுள்ள செயலில் ஈடுபட்டால், அச்செயல் அந்த நோக்கத்தை நிறைவேற்றும் போக்கில் நடப்பதாக இருக்க வேண்டும். அதிலிருந்து வரும் வரவு ஆண்டின் மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு: சந்தா 5 லட்சம், நன்கொடை 1 லட்சம், வட்டி 1 லட்சம், வினா வங்கி விற்பனை 3 லட்சம், ஆக மொத்தம் 10 லட்சம் ரூபாய். வரம்பு 2 லட்சம். விற்பனையோ 3 லட்சம். 'அச்சுச் செலவே 2 லட்சத்து 80 ஆயிரம் ஆயிற்று, நமக்கு மிஞ்சியது 20 ஆயிரம்தான்' என்று பொருளாளர் சொல்வது உண்மையாக இருந்தாலும், வரம்பு பார்க்கப்படுவது வரவை வைத்து, மிச்சத்தை வைத்து அல்ல. செயல் வணிகம் என்று கொள்ளப்பட்டால் அந்த ஆண்டின் விலக்கே போய்விடும்.

ஆனால் இதில் நியாயமான ஒரு தற்காப்பு இருக்கிறது. அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணைய வழக்கின் 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அடக்க விலைக்கோ அதைவிடச் சற்றே கூடுதலாகவோ பெறும் கட்டணத்தை வணிகமாகக் கருத வேண்டியதில்லை என்றும், அடக்கத்தைவிடக் கணிசமாக உயர்த்திப் பெற்றால்தான் அது வணிகமாகும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தற்காப்பு வேண்டுமானால் அச்சகத்தின் பில், தாள் வாங்கிய ரசீது, பிரதிகளின் எண்ணிக்கை, விலை நிர்ணயித்த செயற்குழுத் தீர்மானம் ஆகியவை ஆண்டுவாரியாகக் கையில் இருக்க வேண்டும். இவற்றைப் பத்திரப்படுத்தாமல், மூன்றாண்டுகள் கழித்து நினைவிலிருந்து அடக்க விலையைச் சொல்வதில் பயனில்லை.

குடும்ப நல நிதி இதைவிட உணர்வுபூர்வமான விஷயம். உறுப்பினர் ஒருவர் பணிக்காலத்தில் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பது போற்றத்தக்க வழக்கம்; அதை நிறுத்தச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் அது உறுப்பினர்களுக்கு இடையிலான பரஸ்பர ஏற்பாடு. அந்தப் பணத்தை அறநோக்க அமைப்பின் வங்கிக் கணக்கிலேயே போட்டு எடுக்கும்போது, உறுப்பினர் நலனுக்காகச் செலவிடும் சங்கம் என்ற தோற்றம் எழுகிறது. தனி விதிகள், தனி வங்கிக் கணக்கு, முடிந்தால் தனி அமைப்பு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுவது நல்லது. பொறுப்பாளர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது, அவர்களின் உறவினரிடமிருந்து சந்தை விலையைவிடக் கூடுதல் வாடகைக்குக் கட்டடம் எடுப்பது போன்றவற்றை அறவே தவிர்க்க வேண்டும். சட்டத்தின் 13-ஆம் பிரிவு இதில் கருணை காட்டுவதில்லை.

பணத்தைக் கையாளும் இடத்தில்

பதிவு பெற்ற அமைப்பு தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்தந்த ஆண்டில் நோக்கங்களுக்காகச் செலவிட வேண்டும். சொந்தக் கட்டடம் கட்ட வேண்டும் என்று ஆண்டாண்டாகச் சேமிக்கும் சங்கங்கள் இதை மறந்துவிடுகின்றன. சேமிப்பதற்கு வழி இருக்கிறது: குறிப்பிட்ட நோக்கத்தைச் சொல்லி, படிவம் 10-ஐ உரிய காலத்துக்குள் தாக்கல் செய்து, 5 ஆண்டுகள் வரை ஒதுக்கிவைக்கலாம். 'சங்க வளர்ச்சிக்காக' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் போதாது. எந்த இடத்தில், என்ன கட்டடம், எந்தத் தீர்மானத்தின்படி என்று சொல்ல வேண்டும்.

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு இந்த 85 விழுக்காட்டுக் கணக்கில் ஏறாது. மாநாட்டுப் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கையில் கொடுத்துவிட்டு வவுச்சரில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இங்கேதான் அடிவாங்குகிறது.

மாவட்டக் கிளைகளின் கணக்கு தனிக் கவனத்துக்குரியது. மாநில அமைப்பின் பான் எண்ணிலேயே கிளை ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கிவிடுகிறது; அதன் வட்டி வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தவறாமல் ஏறிவிடுகிறது; ஆனால் மாநில அமைப்பின் வரவு செலவு அறிக்கையில் அந்தக் கணக்கே இருப்பதில்லை. கிளைகளைச் சேர்த்து ஒரே கணக்காகத் தணிக்கை செய்வது, அல்லது ஒவ்வொன்றையும் தனி அமைப்பாகப் பதிவு செய்வது என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவர் அல்லது பொருளாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் சந்தாவை வாங்குவது இரு தரப்புக்கும் ஆபத்து. அந்தப் பணத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிய சுமை அந்தத் தனிமனிதரின் தலையில் விழும்.

நன்கொடைக்கும் சந்தாவுக்கும் உள்ள வேறுபாட்டை ரசீதிலேயே காட்ட வேண்டும். நன்கொடை கொடுப்பவருக்கு அவருடைய வருமான வரியில் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி ஒப்புதல், விலக்குப் பதிவிலிருந்து வேறானது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்த பிறகும் உறுப்பினர் சந்தாவுக்கு 80ஜி சான்று கொடுக்கக் கூடாது, ஏனெனில் அதற்கு ஈடாக உறுப்பினர் உரிமை கிடைக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்குக் கழிவு இல்லை. நன்கொடையாளர் விவரங்களைப் படிவம் 10பிடி-யில் மே 31-க்குள் தாக்கல் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும். அதைவிட முக்கியமாக, நம்பிக் கொடுத்தவரின் கழிவு தடைபடும். வெளிநாட்டு அமைப்புகளிடமிருந்து நிதி பெறுவதானால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் கீழ் முன்கூட்டியே பதிவோ அனுமதியோ வேண்டும். வருமான வரி விலக்கு சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

காலக்கெடு

புதிய சங்கத்துக்கு முதலில் கிடைப்பது 3 ஆண்டுகளுக்கான தற்காலிகப் பதிவு. அதை நிரந்தரப் பதிவாக நினைத்துக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். செயல்பாடு தொடங்கிய 6 மாதங்களுக்குள்ளோ, தற்காலிகப் பதிவு முடிவதற்கு 6 மாதங்களுக்கு முன்னரோ, எது முந்தியதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முறையான பதிவும் பொதுவாக 5 ஆண்டுகளுக்கே; 2025-இல் செய்த திருத்தத்தின்படி, முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத அமைப்புகளுக்கு அது 10 ஆண்டுகளாகக் கிடைக்கிறது. புதுப்பிக்கத் தவறுவதன் விளைவு அந்த ஆண்டு வருமானத்தோடு நிற்பதில்லை. சங்கம் இதுவரை சேர்த்த நிகரச் சொத்தின் மீதே மிக உயர்ந்த விகிதத்தில் வரி விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆண்டுதோறும் தணிக்கை அறிக்கையையும், வருமான வரி அறிக்கையான ஐடிஆர்-7 படிவத்தையும் உரிய தேதிக்குள் தாக்கல் செய்வது விலக்குக்கான நிபந்தனையே. அந்த ஆண்டில் வரி கட்ட வேண்டியதில்லை என்பதற்காக அறிக்கையை விட்டுவிட முடியாது.

பொறுப்பாளர்கள் மாறும்போதுதான் இந்தத் தேதிகள் பெரும்பாலும் தவறுகின்றன. இணையதளக் கடவுச்சொல், பதிவு ஆணையின் நகல், அது முடியும் நாள், தணிக்கையாளரின் தொடர்பு விவரம், கடைசியாகத் தாக்கல் செய்த அறிக்கை ஆகியவற்றைப் புதிய செயலாளரிடம் எழுத்து மூலம் ஒப்படைத்து, அதைச் செயற்குழுக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும். கெடு ஏற்கெனவே கடந்துவிட்டதென்றால் மறைக்க முயலாமல், தாமதத்துக்கான காரணத்தை ஆவணங்களோடு விளக்கித் தாமதத்தை மன்னிக்குமாறு முதன்மை ஆணையரிடமோ ஆணையரிடமோ விண்ணப்பிக்கலாம். நியாயமான காரணம் இருந்தால் பதிவு விண்ணப்பத்தை ஏற்கும் அதிகாரம் 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவர்களுக்குத் தரப்பட்டது.