அழுதால் உடனே போத்தில் வேண்டாம்

மகனுக்கு அப்போது எட்டு மாதம். இரவில் சிணுங்கினாலே பால்மா கரைத்துப் போத்திலை வாயில் வைத்துவிடுவேன். "பிள்ளை பசியில அழுறான், குடு" என்று மாமியும் விடமாட்டார். கோண்டாவில் வீட்டுக்கு வந்த மருத்துவமாது, வளர்ச்சி அட்டையில் நிறைக்கோடு உயரக்கோட்டைவிட வேகமாக ஏறுகிறது என்றார்.

அன்றிலிருந்து அழுதால் முதலில் பம்பர்ஸைப் பார்ப்பேன், தட்டிக்கொடுப்பேன், இரண்டு நிமிடம் பொறுப்பேன். பாதி நாட்களில் தானாகவே உறங்கிவிட்டான்! கையைச் சூப்பி வாயால் தேடினால் பசி. முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும் (பால்மா விற்கிற விலையில் மனம் கேட்காது). எட்டு மணிக்கு உடம்பு துடைத்து, விளக்கணைத்து, தாலாட்டு. இந்த வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் தேவை.

சீனி ரஸ்க்கையும் நிறுத்தினேன். மாமி மட்டும் இன்னும் ஒளித்துக் கொடுக்கிறார்.