டாக்டர் ஹூ: பிறருக்கு அறிமுகப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் தங்கள் வீட்டாரையோ நண்பரையோ தொலைக்காட்சி முன்னால் உட்காரவைத்ததும் செய்யும் முதல் காரியம், விளக்கத் தொடங்குவது. டாக்டர் யார், எந்தக் கிரகத்திலிருந்து வந்தவர், காலத்திலும் விண்வெளியிலும் அவர் பயணம் செய்யும் அந்த நீலப் பெட்டி வெளியே சிறியதாகவும் உள்ளே பெரியதாகவும் இருப்பது எப்படி, ஒரே பாத்திரத்தில் இத்தனை நடிகர்கள் நடிப்பது ஏன் என்று கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் தொடரைப் போடுகிறார்கள். ஆசையால் செய்வதுதான். ஆனால் இந்தத் தொடருக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

ஏனென்றால், ஒன்றும் தெரியாத ஒருவரின் கண் வழியாகப் பார்க்கும்படியே இது கட்டப்பட்டிருக்கிறது. 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் வந்த முதல் எபிசோடில், புரியாத புதிராக இருக்கும் ஒரு மாணவியைப் பின்தொடர்ந்து இரண்டு ஆசிரியர்கள் ஒரு பழைய சாமான் கிடங்குக்குப் போகிறார்கள். அங்கே போலீஸ் தொலைபேசிப் பெட்டி வடிவில் நிற்கும் அந்த நீலப் பெட்டிக்குள் அவர்கள் நுழையும்போதுதான் நாமும் நுழைகிறோம். அதை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். 2005இல் தொடரை மீட்டெடுத்த ரஸ்ஸல் டி. டேவிஸும் அதே வழியில்தான் போனார். லண்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கும் ரோஸ் என்ற பெண்ணின் கையை முன்பின் தெரியாத ஒருவர் பிடித்து ‘ஓடு’ என்கிறார். அவர் யார் என்று ரோஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பிறகு அவள் பெட்டிக்குள் போய், திகைத்து வெளியே ஓடிவந்து, மறுபடியும் உள்ளே போகிறாள். ‘உள்ளே பெரியது’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவருக்கு அந்தத் திகைப்பு கிடைக்காது. நாம் முன்னுரையாகச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் அவர் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைப் பறித்துவிடுகிறது. அவர் கேட்டால் பதில் சொல்லுங்கள். அப்போதும், ‘அடுத்த எபிசோடில் தெரிந்துவிடும்’ என்று சொல்ல முடிந்தால் அதைச் சொல்லுங்கள்.

முகம் மாறும் விஷயமும் இப்படித்தான். இறக்கும் தறுவாயில் டாக்டர் வேறொரு உடலும் குணமும் பெறுகிறார். முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நலம் குன்றியபோது, 1966இல், தொடரை நிறுத்தாமல் கொண்டுபோகக் கண்ட வழி அது. அற்புதமான கதை, எனக்கும் சொல்லச் சொல்ல அலுக்காது. ஆனாலும் புதியவர் ஒரு டாக்டரை மனதார நேசித்து, அவரை இழந்த பிறகு அதைச் சொல்வதுதான் முறை.

எங்கே தொடங்குவது என்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘முதல் சீசன்’ என்ற பெயரில் மூன்று இருக்கின்றன: 1963இல் தொடங்கியது, 2005இல் தொடங்கியது, 2024இல் சூட்டி கட்வா டாக்டராக நடித்தது. ‘முதலிலிருந்து பார்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் எதில் போய் நிற்பார் என்று சொல்ல முடியாது. 1963இலிருந்து தொடங்கச் சொல்வது நேர்மையாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்துக் கதைகள் இருபத்தைந்து நிமிடத் துண்டுகளாக, நாடகமேடையின் நிதானத்தில் நகர்பவை. அதோடு, பிபிசி பழைய ஒளிநாடாக்களை அழித்துவிட்டதால் 1960களின் எபிசோட்களில் ஏறத்தாழ நூறு இன்றும் கிடைக்கவில்லை. தொடரை ஏற்கெனவே நேசிப்பவருக்கு அவை புதையல்; புதியவருக்கு அங்கே வாசல் இல்லை.

நமக்கு மிகவும் பிடித்ததை முதலில் போடுவதும் தவறு. 2015இல் வந்த ‘ஹெவன் சென்ட்’ எபிசோடில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்போதைய டாக்டரான பீட்டர் கபால்டி கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக நிற்கிறார். தொலைக்காட்சி நடிப்பின் உச்சங்களில் ஒன்று என்பேன். ஆனால் முந்தைய எபிசோடில் அவர் எதை இழந்தார் என்று அறியாதவருக்கு அது ஒரு கோட்டைக்குள் ஒரு மனிதர் நடந்துகொண்டே இருப்பதுதான். ஐம்பதாம் ஆண்டு நிறைவுக் கதையும் அப்படியே.

‘பிளிங்க்’ எபிசோடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பரிந்துரைப்பது அதைத்தான். ஸ்டீவன் மொஃபாட் எழுதி 2007இல் வந்தது. கண் இமைத்தால் நகர்ந்து வரும் கற்சிலைகள். கேரி மல்லிகன் கதாநாயகி. திகில் பிடித்தவர் நிச்சயம் சொக்கிப்போவார். சிக்கல் என்னவென்றால், அதில் டாக்டர் சில நிமிடங்களே வருகிறார். அதைப் பார்த்து மயங்கியவர் எல்லா எபிசோடும் இப்படியே இருக்கும் என்று நம்பி வந்து ஏமாறுகிறார். போடுவதானால், அடுத்ததாக ‘தி கேர்ள் இன் தி ஃபயர்பிளேஸ்’ போன்று டாக்டர் முழுவதும் நிறைந்திருக்கும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் ஒரே எபிசோடைப் போடுவதால்தான் பாதிப் பேர் பாதியில் எழுந்து போகிறார்கள். அறிவியல் புனைவென்றாலே விலகிப்போகும் அம்மாவுக்கும் சித்திக்கும் 2005இன் முதல் எபிசோடான ‘ரோஸ்’ முடிந்த கையோடு ‘ஃபாதர்ஸ் டே’ போட்டுப் பாருங்கள். குழந்தையாக இருந்தபோதே இறந்துபோன அப்பாவை, அவர் இறந்த நாளிலேயே போய்ப் பார்க்க விரும்பும் மகளின் கதை அது. வரலாற்றில் பிடிப்புள்ளவருக்கு வினய் படேல் எழுதிய ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’. 1947 ஆகஸ்ட், எல்லைக்கோடு விழப்போகும் ஒரு கிராமம், அங்கே ஒரு கல்யாண வீடு. பாடப்புத்தகத்தில் தேதியாகப் படித்த பிரிவினை அங்கே அண்ணன் தம்பிக்கு இடையில் வந்து நிற்கிறது. முன்கதை அதிகம் தேவையில்லை. ஓவியத்தை நேசிப்பவருக்கு வான் கோ வரும் ‘வின்சென்ட் அண்ட் தி டாக்டர்’. சிறு பிள்ளைகளுக்கு நச்சுவாயுத் தடுப்பு முகமூடி அணிந்த சிறுவன் வரும் ‘தி எம்ப்டி சைல்ட்’ மட்டும் இரவில் வேண்டாம்.

பார்க்கும்போது செய்யும் தவறுகளும் உண்டு. ‘ரோஸ்’ எபிசோடில் ஒரு பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி ஒரு இளைஞனை விழுங்கி ஏப்பம் விடும். அந்தக் காட்சி வருவதற்கு முன்பே ‘கிராபிக்ஸ் சுமார்தான், பொறுத்துக்கொள்’ என்று மன்னிப்புக் கேட்காதீர்கள். மன்னிப்புக் கேட்டால் பார்ப்பவர் நீதிபதி ஆகிவிடுவார். சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு பார்ப்பதற்கென்று எடுத்த தொடர் இது. அசட்டுச் சிரிப்பும் அடிவயிற்றைப் பிசையும் சோகமும் அடுத்தடுத்து வருவது இதன் இயல்பு. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதையும் விட்டுவிடுங்கள். அவரால் இயல்பாகச் சிரிக்கக்கூட முடியாது. 2005 தொடரின் டாக்டராக, புதியவர் முதலில் சந்திக்கும் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனின் வட இங்கிலாந்து உச்சரிப்பு நம் காதுக்குப் பழக நேரமாகும். ஆங்கில வசன வரிகளை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

கடைசியாக, நான் கடுமையாக எதிர்க்கும் ஒரு பழக்கம்: எக்கிள்ஸ்டனின் பதின்மூன்று எபிசோட்களைத் தவிர்த்துவிட்டு நேராக அடுத்த டாக்டரான டேவிட் டெனன்டுக்குப் போகச் சொல்வது. முதல் மூன்றைப் பார்த்தாலே தொடரின் முழு வீச்சும் தெரிந்துவிடும்: இன்றைய லண்டன், ஐந்நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய எதிர்காலம், பிறகு சார்லஸ் டிக்கன்ஸ் வரும் 1869இன் கார்டிஃப். இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. 2005 கிறிஸ்துமஸ் அன்று வந்த கதையில் புதிய டாக்டரான டெனன்ட் பெரும்பகுதி நேரம் படுக்கையில் மயங்கிக் கிடக்கிறார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் என் டாக்டரே இல்லை என்று ரோஸ் தவிக்கிறாள். எக்கிள்ஸ்டனோடு பதின்மூன்று எபிசோட் பயணம் செய்தவருக்கு அந்தத் தவிப்பு சொந்தத் தவிப்பு. அவரைத் தாண்டி வந்தவர், அழகான நடிகர் எப்போது எழுந்திருப்பார் என்று காத்திருப்பார்.