டெய்லரிலிருந்து லைன் சூப்பர்வைசர்: முதல் 30 நாளில் ஆட்களை நடத்துவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசராக வருகிறவர்களில் பலர் நேற்றுவரை அதே லைனில் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள். தைக்கத் தெரியும், மெஷின் தெரியும். ஆட்களை நடத்துவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் போனவர் திங்கட்கிழமை நோட்டும் பேனாவுமாக நிற்கிறார். நேற்றுவரை பக்கத்து மெஷினில் இருந்த அக்காவிடம் இன்று கணக்குக் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். பீஸ் தேங்கினால் தானே மெஷினில் உட்கார்ந்து தைப்பது ஒன்று. அந்த ஒரு மெஷின் ஓடும், ஆனால் மற்ற 19 மெஷினில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது. சத்தம் போடுவது இன்னொன்று. சத்தத்துக்குப் பயந்து அரை மணி நேரம் வேகம் கூடும், அதற்குப் பிறகு ஆல்டர் பீஸும் (தையல் தவறித் திருத்த வேண்டிய பீஸ்) கூடும். லைன் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடித்து அந்தத் தடையை எடுப்பதுதான் சூப்பர்வைசரின் வேலை. அதற்கான வழியை 20 பேர் கொண்ட டீ-ஷர்ட் லைனை வைத்துப் பார்ப்போம்.

1. முதல் வாரம்: யாருக்கு என்ன தெரியும்?

ஒரு பெரிய தாளை எடுங்கள். இடப்பக்கம் லைனில் உள்ளவர்களின் பெயர்கள். மேலே வேலைகள்: ஷோல்டர் ஜாயின்ட், கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) தயாரிப்பு, ரிப் ஏற்றுவது, கழுத்து டேப், லேபிள், கை மடிப்பு, கை ஏற்றுவது, சைடு மூட்டுவது, பாட்டம் மடிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் எண் போடுங்கள். தெரியாது 0, கற்கிறார் 1, தைப்பார் ஆனால் வேகம் இல்லை 2, முழு வேகம் 3, பிறருக்குச் சொல்லித்தருவார் 4.

கேட்டு எழுதாதீர்கள், பார்த்து எழுதுங்கள். ‘எல்லாம் தெரியுங்க’ என்பவர் பேட்லாக்கில் (மடிப்புத் தைக்கும் மெஷின்) திணறுவார். பேசாமல் ஓவர்லாக்கில் (ஓரம் மூட்டும் மெஷின்) இருக்கும் பெண் நான்கு வேலை தெரிந்தவராக இருப்பார்.

தாள் நிரம்பியதும் நெடுவாக்கில் பாருங்கள். ரிப் ஏற்றுவதற்கு 3 போட்டவர் ஒருவர்தான் என்றால், அவர் லீவு போடும் நாளில் லைன் படுத்துவிடும். முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பேராவது தேறியிருக்க வேண்டும். அடுத்து யாருக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை அந்தத் திறன் தாளே சொல்லிவிடும்.

2. டார்கெட்டை நீங்களே போட்டுப் பாருங்கள்

மேலிருந்து வந்த எண்ணை அப்படியே போர்டில் எழுதினால், ‘இது எப்படிங்க ஆகும்?’ என்று கேட்பவருக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்காது. கணக்கு எளிது. ஒரு டீ-ஷர்ட் தைக்க 8 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 20 பேர், ஆளுக்கு 480 நிமிடம், மொத்தம் 9,600 நிமிடம். 8 ஆல் வகுத்தால் 1,200 பீஸ். இது லைன் 100 சதவீதத் திறனில் ஓடினால் வரும் கணக்கு. லைன் 50 சதவீதத்தில் ஓடினால் 600 பீஸ், மணிக்கு 75.

இன்னொரு கணக்கும் உண்டு. மணியில் 60 நிமிடமும் யாரும் தைத்துக்கொண்டே இருக்க முடியாது. நூல் மாற்றவும், தண்ணீர் குடிக்கவும், கழிப்பறை போய் வரவும் 10 நிமிடம் விடுங்கள். மீதி 50 நிமிடம், அதாவது 3,000 விநாடி. 75 பீஸ் வர வேண்டுமானால் எந்த மெஷினிலும் ஒரு பீஸுக்கு 40 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. இந்த 40 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் லைனைச் சுற்றி வர வேண்டும்.

3. ஆளைப் பார்ப்பதற்கு முன் தடையைப் பாருங்கள்

போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். ஒவ்வொரு மெஷினிலும் தொடர்ந்து ஐந்து பீஸ் தைக்கும் நேரத்தை எடுத்து ஐந்தால் வகுங்கள். பண்டலை (வெட்டிய பீஸ்களின் கட்டு) அவிழ்ப்பதும் கட்டுவதும் அதில் சேர வேண்டும். தொடங்கும் முன்பு சொல்லிவிடுங்கள்: “அக்கா, எங்க நிக்குதுன்னு பாக்கறதுக்குத்தான் டைம் எடுக்கறனுங்க, உங்க ரேட்டைக் குறைக்கறதுக்கு இல்லைங்க.” சொல்லாமல் பின்னால் நின்று எடுத்தால் சிலர் பயந்து வேகமாகத் தைப்பார்கள், சிலர் வேண்டுமென்றே மெதுவாகத் தைப்பார்கள். இரண்டு எண்ணும் உதவாது.

ரிப் ஏற்றும் இடத்தில் 50 விநாடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே மணிக்கு 60 பீஸ்தான் தாண்டும். மற்ற 19 பேர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் லைனின் கடைசியில் 60தான் வரும். எட்டு மணி நேரத்தில் 120 பீஸ் குறைவு. இப்போது எல்லோரையும் ‘வேகமா, வேகமா’ என்று விரட்டினால் அந்த மெஷினுக்கு முன்னால் பண்டல் குவியும், அவ்வளவுதான்.

அந்த 50ஐ 40 ஆக்க, இந்த வரிசையில் பாருங்கள். முதலில் மெஷின்: ஊசி மழுங்கியிருக்கிறதா, நூல் அறுகிறதா, வெளிச்சம் போதுமா? அடுத்து பண்டல்: ரிப்பும் பாடியும் ஒரே வரிசை எண்ணில் இருக்கின்றனவா, அல்லது ஒவ்வொரு பீஸுக்கும் தேட வேண்டியிருக்கிறதா? அடுத்து கைமடி (தைப்பவருக்கு உதவும் கையாள்): ரிப்பை நாலாக மடித்துக் குறி வைப்பதையும் நூல் வெட்டுவதையும் கைமடிப் பெண் செய்துகொடுத்தால் தைப்பவருக்கு விநாடிகள் மிச்சமாகும். அதற்கும் தீரவில்லையென்றால், திறன் தாளில் 3 போட்ட இன்னொருவரை அங்கே தினமும் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் நேரம் குறையவில்லை என்றால் மட்டுமே தைப்பவரின் கைப்பழக்கத்துக்கு வாருங்கள்.

பல லைன்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் திட்டு விழும், கடைசியில் மெக்கானிக் வந்து ஊசியை மாற்றுவார். அந்த ஊசிக்காக ஒரு பெண் காலை முழுவதும் பேச்சு வாங்கியிருப்பார். இது வேலைக் கணக்குப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு.

4. ஒரு நாளின் ஓட்டம்

காலை 8.30க்கு ஷிப்ட் என்றால் 8.15க்கு லைனில் இருங்கள். யார் வரவில்லை, எந்த மெஷின் பழுது, கட்டிங்கிலிருந்து எத்தனை பண்டல் வந்திருக்கிறது என்ற மூன்றையும் பெல் அடிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் எல்லோரிடமும் பேசுங்கள்: இன்று என்ன ஸ்டைல், என்ன கலர், நேற்று எதில் ஆல்டர் வந்தது. அதற்கு மேல் நீட்டாதீர்கள்.

மணிக்கு ஒரு முறை போர்டில் எண் எழுதும்போது, குறைந்த மணிக்கு எதிரே காரணத்தையும் எழுதுங்கள். ‘நூல் இல்லை, 20 நிமிடம்’, ‘கரண்ட் போனது, 10 நிமிடம்’. காரணம் இல்லாத குறைவு எல்லாம் மாலையில் ஆட்களின் தலையில்தான் விழும்.

ஓவர்டைம் இருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஐந்து மணிக்குச் சொன்னால் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர யாரை அனுப்புவார்கள்? கம்பெனி பஸ்ஸில் ஊர் போகிறவர் எப்படிப் போவார்? ‘இன்னிக்கு முடியாதுங்க’ என்பவரை மறுநாள் முறைக்காதீர்கள்.

5. புது ஆளுக்குக் கற்றுக்கொடுப்பது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940க்கும் 1945க்கும் இடையில், அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுபவமில்லாத ஆட்கள் பெருமளவில் வந்தார்கள். அவர்களுக்கு விரைவாக வேலை கற்றுத்தர மேற்பார்வையாளர்களுக்கு ஒரு நான்கு படி முறை பயிற்றுவிக்கப்பட்டது. போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா அதை எடுத்து வளர்த்துக்கொண்டது. தையல் லைனுக்கும் அது அப்படியே பொருந்தும்.

முதல் படி, ஆளைத் தயார் செய்வது. பயம் போகப் பேசுங்கள், முன்பு என்ன மெஷின் ஓட்டினார் என்று கேளுங்கள், நீங்கள் தைப்பதை அவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். எதிரே நின்று பார்த்தால் இடம் வலம் மாறித் தெரியும்.

இரண்டாவது, செய்து காட்டுவது. மூன்று முறை தைத்துக் காட்டுங்கள். முதல் முறை என்ன செய்கிறோம் என்று மட்டும். இரண்டாம் முறை எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்பதையும் சேர்த்து: ‘இங்க ரிப்பை மட்டும் லேசா இழுங்க, பாடியை இழுக்காதீங்க.’ மூன்றாம் முறை ஏன் என்பதையும் சேர்த்து: ‘பாடியை இழுத்தா கழுத்து அலை அலையா நிக்கும்.’

மூன்றாவது, அவரைச் செய்ய வைப்பது. முதலில் பேசாமல் தைக்கட்டும், தவறினால் உடனே நிறுத்தித் திருத்துங்கள். பிறகு, தைத்துக்கொண்டே கவனப் புள்ளியையும் காரணத்தையும் அவரே உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான்காவது, தனியாக விடுவது. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் நாள் அரை மணிக்கு ஒரு முறை வந்து பாருங்கள், போகப் போகக் குறையுங்கள்.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதில் பயனில்லை. எல்லோரும் ‘ம்’ என்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களிடம் இது இன்னும் உண்மை. மொழி புரியாமலே தலையாட்டுவார்கள், அப்படித் தலையாட்டும்படிதான் நாம் அவர்களை வைத்திருக்கிறோம். சுயி என்றால் ஊசி, தாகா என்றால் நூல், ருக்கோ என்றால் நில். இப்படி ஒரு இருபது வார்த்தை இந்தி கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். கூப்பிடும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘ஏய் இந்தி’ என்று கூப்பிடப்படுபவர், மெஷினில் கோளாறு வந்தால் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்.

6. தவறைத் திருத்துவது

ஊசி உடைவதை எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்தவுடன் தையலை நிறுத்தி, எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, அதன் பிறகுதான் புது ஊசி வாங்க வேண்டும். துண்டு கிடைக்காவிட்டால் அங்குள்ள பீஸ்களைத் தனியாக ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தைச் சட்டையில் ஊசித் துண்டு போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊசி உடைந்ததற்காகத் திட்டும் லைனில் மட்டும் இது பதிவேட்டுக்கு வராது. துண்டை மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கத்தில் ஊசி கேட்டு மாட்டிக்கொள்வார்கள். அதனால் ஊசி உடைந்ததென்று வந்து சொல்பவரிடம் முதல் வார்த்தை ‘சொன்னதுக்கு நன்றிங்க’ என்றே இருக்கட்டும்.

ஆல்டர் பீஸைக் காட்டும்போது பீஸைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவர் மெஷினுக்கே போய், மெல்லிய குரலில், கையில் பீஸோடு. ‘உனக்கு எத்தனை தடவை சொல்றது’ என்ற பேச்சு வேண்டாம்.

“அக்கா, இந்த அஞ்சு பீஸ்ல சைடுல தையல் விட்டிருக்குதுங்க. மெஷின்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“காலைல இருந்தே நூல் அறுந்துட்டே இருக்குது தம்பி.”

“அப்பவே கூப்பிட்டிருக்கலாமில்லீங்க?”

“நேத்துக் கூப்பிட்டேன், யாரும் வரலை.”

இந்த நாலு வரியில் உண்மையான பிரச்சினை வெளியே வந்துவிட்டது: மெக்கானிக் வரவில்லை. சத்தம் போட்டிருந்தால் இரண்டாவது வரியே வந்திருக்காது. அடுத்து மூன்று பீஸ் சரியாக வரும்வரை அங்கேயே நில்லுங்கள். இதையும் தாண்டி மாறாதவரைத் தனியாகக் கூப்பிட்டு, தேதியும் பீஸ் எண்ணிக்கையும் காட்டிப் பேசலாம். லைன் நடுவில் வேண்டாம். வயதில் மூத்தவரை ‘வா, போ’ என்பது எந்த அவசரத்திலும் கூடாது.

7. லீவும் சண்டையும்

வராத ஆளுக்கு நோட்டில் வெறும் ‘ஆ’ (ஆப்சென்ட்) போடாமல் காரணத்தையும் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு ஒழுங்கு தெரியும். நோன்பு நாட்களும், தீபாவளிக்குப் பின் வரும் சட் பூஜையும் காலண்டரில் இருப்பவைதான். ஒரு மாதம் முன்பே யார் ஊருக்குப் போகிறார் என்று கேட்டுக் குறித்துவிட்டால் திடீர் லீவு பாதி குறையும்.

இருவருக்குள் சண்டை என்றால் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், பக்கத்து மெஷினிலும் கேளுங்கள், யோசித்து முடிவெடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். பெரும்பாலும் சண்டையின் அடியில் பண்டல் இருக்கும்: எளிதான சைஸ் யாருக்கு, பீஸ் கணக்கு யார் பெயரில் என்பது. நண்பர்களுக்கு நல்ல பண்டலை ஒதுக்கும் சூப்பர்வைசரை லைன் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். பண்டல் எண் வரிசைப்படி மட்டும் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் தீர்க்க முயலாதீர்கள். பெண்ணிடம் யாராவது தவறாகப் பேசினார், தொட்டார் என்ற புகார் வந்தால் சமாதானம் செய்து வைப்பது உங்கள் வேலை அல்ல. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அவர் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. அவரைக் குழுவிடம் கொண்டுபோய்ச் சேருங்கள், லைனில் யாரிடமும் பேசாதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

8. முப்பதாம் நாள்

திறன் தாளைப் புதிதாக எழுதி, பழைய தாளோடு வைத்துப் பாருங்கள். 1 போட்டிருந்த இடத்தில் 2, 2 போட்டிருந்த இடத்தில் 3 என்று யார் யாருக்கு ஏறியிருக்கிறது? அந்தப் பெயர்களையும், மணிக்கணக்கு போர்டில் ஒரு மாதமாக எழுதிய காரணங்களின் கூட்டையும் எடுத்துக்கொண்டு புரொடக்‌ஷன் மேனேஜரைப் பாருங்கள். ‘நூல் இல்லாம மட்டும் இந்த மாசம் ஆறு மணி நேரம் நின்னுருக்குதுங்க’ என்று எண்ணோடு சொன்னால், அடுத்த மாதம் ஸ்டோர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். புது வேலை கற்றவர்களுக்கு ரேட் ஏற்றச் சொல்லி அப்போதே கேளுங்கள். சனிக்கிழமை சம்பளக் கணக்குப் போடுவதற்கு முன், வியாழக்கிழமையே கேட்டுவிடுங்கள்.